சிக்ராவின் வாய் விரதம்

குதிரை பேசுகிறதாம். பேசுவது மட்டுமா? அழுகிறதாம், அறிவுரை சொல்கிறதாம், தன் முதலாளியின் சின்ன வயதுத் துக்கங்களையெல்லாம் புட்டுப்புட்டு வைக்கிறதாம். காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல்தான் இத்தனை ஆயிரம் வருஷம் புல்லைத் தின்றுகொண்டு சும்மா இருந்ததாம். கடைசியில் கேட்க ஒருவர் வந்துவிட்டார். அதுவும் எங்கள் பக்கத்துக்கே, கெச்கெமேட்டுக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தெஜேவின் குதிரைச் சங்கத்துக்கே வந்துவிட்டார்.

அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புடாபெஸ்ட்டிலிருந்து வந்த கார்களெல்லாம் பக்கத்துக் கடுகு வயலுக்குள் இறங்கிச் சேற்றில் புதைந்து நின்றன. லாங்கோஷ் என்கிற எண்ணெய் ரொட்டி சுடுகிற கடைக்காரனுக்குப் பதினொரு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. வங்கி மேலாளர் வந்திருந்தார், கண் டாக்டர் வந்திருந்தார், யோலான் அம்மாள் வந்திருந்தார். யோலான் அம்மாள் எங்கள் ஊர்ப் பத்திர வக்கீல். பெற்ற மகன் கையெழுத்துப் போட்டாலும் அடையாள அட்டையைக் காட்டு என்று கேட்கிறவர். அவர் முதல் வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

நானும் முதல் வரிசைதான். என் பெயர் பெர்தலான். தொழில், பல் வைத்தியம். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுப் பிழைக்கிறவன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன்.

எங்கள் ஊரில் ஐம்பதைத் தொட்ட பல் வைத்தியனுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பாலாடோன் ஏரியில் படகு வாங்குவது. இன்னொன்று, குதிரை வாங்குவது. படகு வாங்கியவர்கள் ஒரே தடவை ஏமாந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் குதிரை வாங்கினேன்.

குதிரை வாங்கிய அன்றே ஒரு வேதமும் கூடவே வந்து சேரும். அந்த வேதத்தில் ஒரே ஒரு வரிதான்: தப்பு உன்னுடையது. குதிரை கடித்தால் உன் மனசு சரியில்லை. உதைத்தால் உன் மூச்சு சரியில்லை. உன்னைத் தூக்கிச் சாணியில் போட்டால் நீ அதன் எல்லையை மதிக்கவில்லை. கப்பும் பதக்கமும் வாங்குகிற கோஷ்டி, இரும்புக் கடிவாளத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கு என்று சொல்லும். கயிறும் கண்ணீருமாகத் திரிகிற கோஷ்டி, கடிவாளத்தைக் கழற்றிவிட்டு உன்னையே நீ இறுக்கிக்கொள் என்று சொல்லும். நான் முதல் கோஷ்டியில் இரண்டு வருஷம் இருந்து இரண்டு விலா எலும்பை முறித்துக்கொண்ட பிறகு, இரண்டாவது கோஷ்டிக்குக் கட்சி மாறினேன்.

அந்தக் கோஷ்டியின் கடவுள்தான் அன்றைக்கு வந்திருந்த ஆசான் ஆர்மின். தலையில் அமெரிக்க மாட்டுக்காரர்களின் அகலத் தொப்பி, காலில் மான்தோல் காலணி, இடுப்பில் மூன்று விதமான கயிறு. குரல் மட்டும் ஆஸ்பத்திரியில் கேட்கிற குரல்போல அவ்வளவு மெதுவாக இருக்கும். சோல்நோக்கில் ஒரு கடையில் வாஷிங் மெஷின் விற்றுக்கொண்டிருந்தவர் என்பது பிற்பாடு தெரிந்தது. அதிலே ஒரு கேவலமும் இல்லை. வாஷிங் மெஷினாவது உத்தரவாதச் சீட்டோடு வரும்.

வட்டமான வேலிக்குள் ஒரு சாம்பல் நிற இளங்குதிரையை விட்டார்கள். ஆசான் கயிற்றைச் சுழற்றினார். குதிரை ஓடியது. அவர் சுழற்றச் சுழற்ற அது சுற்றிச் சுற்றி ஓடியது. இருபது நிமிஷம். பிறகு ஆசான் கயிற்றைக் கீழே போட்டார், தோளைத் தொங்கப்போட்டார், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். குதிரை தயங்கித் தயங்கி வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது.

"அது என்னைத் தேர்ந்தெடுத்துருச்சு" என்றார் ஆசான்.

முந்நூறு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். அதிலே சத்தமான மூக்கு என்னுடையது.

வேலிக்கு வெளியே எமொக்கே நின்று லாங்கோஷ் தின்றுகொண்டிருந்தாள். எமொக்கே எங்கள் சங்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடிக்கிறவள். முப்பத்தைந்து வயது, தடித்த கை, அதைவிடத் தடித்த நாக்கு.

"என்ன டாக்டரே, அழுகையா?"

"பாத்தியா எமொக்கே? அதுவா வந்து தோள்ல மூஞ்சிய வெச்சுதே!"

"சுத்தி வேலி. ஓட வேற இடம் இல்ல. இருபது நிமிஷம் ஓட ஓட வெரட்டினான். வெரட்டுறத நிறுத்தினதும் மூச்சு வாங்கிக்கிட்டு பக்கத்துல வந்து நிக்குது. என்னைய அப்படி வெரட்டினா நானும்தான் வந்து தோள்ல சாஞ்சுக்குவேன். அதுக்குப் பேரு பாசமா?"

"உனக்கு உணர்ச்சியே கிடையாதுடி."

"எனக்கு இடுப்பு வலி இருக்கு. தெனம் எட்டுக் குதிரை காலைத் தூக்குறேன். ஒண்ணாவது இதுவரைக்கும் எங்கிட்ட அதோட அம்மாவப் பத்திப் பேசினதில்ல."

பக்கத்தில் இருந்த யோலான் அம்மாள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார். "லாடமே வேணாம்னு ஆசான் சொல்றாருல்ல, அதான் இவளுக்கு வயித்தெரிச்சல்" என்று என் காதைக் கடித்தார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு அந்தச் சமயத்தில் தலை என்று ஒன்று இருந்தது ஆட்டுவதற்குத்தான்.

என் குதிரையின் பெயர் சிக்ரா. பதினொரு வயதுப் பெண் குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. குளிர்காலத்தில் இருந்தே அவள் தீனி சரியாக எடுக்கவில்லை. வைக்கோலை வாயில் போட்டு அரைகுறையாக மென்று, உருட்டி, துப்பிவிடுவாள். முதுகெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. அவளை நினைத்தால் எனக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பொய்யில்லை. மடையனாக இருந்தேனே தவிர, பாசமில்லாதவனாக இருக்கவில்லை.

ஆசானைத் தனியாகப் பார்க்க நாலு பக்கப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்ய வேண்டும். குதிரையின் வயது, நிறம், ஆணா பெண்ணா, எங்கே வாங்கியது, குட்டி போட்டதா, போட்ட குட்டி என்ன ஆயிற்று, என்ன வியாதி. அப்புறம் மூன்று பக்கம் என்னைப் பற்றி. என் அப்பா எப்படிப்பட்டவர், அம்மா அடிப்பாரா, நான் கடைசியாக எப்போது அழுதேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து ஆசான் வந்தார். சிக்ராவின் கழுத்தில் கையை வைத்தார், கண்ணை மூடினார்.

"இவ ஒரு குட்டிய இழந்திருக்கா" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை இவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்! நான்தான் சொன்னேன். முதல் பக்கம், ஆறாவது கேள்வி. ஆனால் அந்த நினைப்பு வந்தால்தானே?

"உங்க அப்பா உங்களைப் பேசவே விட்டதில்ல. அதே மாதிரி நீங்க இவளைப் பேச விடல. ரெண்டு வருஷம் இவ வாயில இரும்பைப் போட்டிருந்தீங்க. இவளோட வலி மொத்தமும் வாய்லதான் தங்கியிருக்கு."

"அதுக்கு நான் என்ன செய்யணும், ஆசானே?"

"வாய் விரதம். நாப்பத்தொம்பது நாள். இரும்பு ஆகாது, கை படக்கூடாது, கண்ணுகூட அந்த வாய்க்குள்ள போகக்கூடாது. மிருக வைத்தியர் பக்கத்துலயே வரக்கூடாது. வாயைத் தொறந்து பாக்குறது வேட்டையாடுறவன் புத்தி. அவளா ஒரு நாள் உங்களுக்கு வாயைத் தொறந்து காட்டுவா."

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். வாய்க்குள் பார்த்தே சோறு தின்கிற ஒருவனிடம், "ஏழு வாரம் வாய்க்குள் பார்க்காதே" என்று ஒருவர் சொல்கிறார். அவனும் சரி என்கிறான். அது மட்டுமா, சந்தோஷத்தில் மூச்சுக்கயிறு ஒன்று, மௌனப் போர்வை ஒன்று என்று வாங்கிக்கொண்டும் போகிறான். மௌனப் போர்வை என்பது காதிலிருந்து வால் வரை குதிரையை மூடுகிற வெள்ளைத் துணி. முகத்துக்குத் தனியாக ஒரு முக்காடு. கூட்டத்தின் கண் குதிரையின் மனசைக் கீறாமல் இருப்பதற்காம். என் வீட்டுக் கட்டில் விரிப்பு அதைவிட நல்ல துணி, அதைவிட மலிவு.

விரதம் தொடங்கியது. சிக்ரா மென்று துப்பிய வைக்கோல் உருண்டைகளைப் படம் பிடித்து ஆசானுக்கு அனுப்பினேன். "தனக்குத் தேவையில்லாத பழசை மண்ணுக்கே திருப்பிக் குடுக்குறா. வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. வாழ்த்தை நானும் ஏற்றுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவளுடைய இடது மூக்கில் மட்டும் கெட்டியாக ஏதோ ஒழுகத் தொடங்கியது. "இடப்பக்கம் தாயோட பக்கம். மூக்கு வழியா அழுறா. துடைக்காதீங்க, அழட்டும்" என்றார். நானும் துடைக்கவில்லை. நாலாவது வாரம் கண்ணுக்குக் கீழே லேசாக வீங்கியது. அது சொல்லப்படாத வார்த்தையாம், உள்ளே கட்டிக்கொண்டு நிற்கிறதாம்.

அப்புறம் அந்த நாற்றம்! கொட்டடிக் கதவைத் திறந்தாலே ஆளை அடிக்கும். "துக்கம் மூச்சு வழியா வெளிய போகுது. நீங்க பக்கத்துல நின்னு அதை வாங்கிக்கணும்" என்றார் ஆசான். வாங்கிக்கொண்டேன் ஐயா! தினமும் மாலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து, அவள் மூக்கோடு மூக்கு வைத்துக் கால் மணி நேரம் மூச்சை இழுத்தேன். பகலெல்லாம் கிளினிக்கில் அதே நாற்றத்துக்குப் பஞ்சு வைத்து மருந்து போடுகிற அதே மூக்கால் இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது பக்தியால் வந்தது என்று நம்பினேன்.

ஐந்தாவது வாரம் எமொக்கே குளம்பு சீவ வந்தாள். சிக்ராவின் விலாவை ஒரு தடவை தடவினாள். உளியைக் கீழே போட்டாள்.

"டாக்டரே, இவ செத்துக்கிட்டிருக்கா."

"மாறிக்கிட்டிருக்கா."

"என்னவா மாறுறா, எலும்புக்கூடாவா? வாயைப் பாத்தீங்களா?"

அவள் கை சிக்ராவின் உதட்டுக்குப் போனது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயையோ, தொடாதே! இன்னும் பதினாறு நாள் இருக்கு!"

எமொக்கே என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. பல் டாக்டர்."

"உங்ககிட்ட ஒருத்தன் தின்ன முடியல, மூக்குல சீழ் ஒழுகுது, மூஞ்சி வீங்கியிருக்கு, வாய் நாறுதுன்னு வந்தா என்ன செய்வீங்க? வாயைத் தொறன்னு சொல்வீங்களா, உங்கம்மா எப்படின்னு கேப்பீங்களா?"

"அது மனுஷன். இது குதிரை. குதிரை ரொம்ப ஆழமான ஜீவன், எமொக்கே. உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். நான் கால் பக்கம் நிக்கிறவ" என்று சொல்லிவிட்டு அவள் மீதிக் குளம்புகளைச் சீவி முடித்தாள். போகும்போது, "பதினாறு நாள் தாங்க மாட்டா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்தியது. உடனே ஆசானுக்குப் போன் செய்தேன். "பயம் உங்களோடது, அவளோடது இல்ல" என்றார். தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஒன்பது நாளில் அவர் நடத்தப்போகும் பெருங்கேட்பு என்ற பெரிய கூட்டத்தில் சிக்ராவை எல்லோர் முன்னாலும் பேச வைப்பதாகச் சொன்னார்.

அந்த ஒன்பது நாளில் அவள் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் பட்டாலே தலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். என் கிளினிக்கில் ஒருவர் அப்படிச் செய்தால் எந்தப் பல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

பெருங்கேட்பு ஞாயிறு வந்தது. முன்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட்டம். வாசலிலேயே கயிறுக்கும் போர்வைக்கும் கடை போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. ஒரு கிழவருக்குப் பல் செட் உடைந்து போய், காலையிலேயே கிளினிக்கைத் திறக்க வேண்டியதாயிற்று. வழியில் எமொக்கே போன் செய்தாள். "நீங்க மெதுவா வாங்க டாக்டரே. சிக்ராவுக்கு நான் போர்வை போட்டு ரெடி பண்ணி வெக்கிறேன்." அடடா, கல்லும் கரைந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோனேன்.

நான் உட்காரவும், எமொக்கே குதிரையை வேலிக்குள் கூட்டி வரவும் சரியாக இருந்தது. காதிலிருந்து வால் வரை வெள்ளைப் போர்வை. முகத்தில் முக்காடு. முழங்காலுக்குக் கீழே செம்பழுப்புக் கால்கள் நாலு மட்டும் தெரிந்தன. என்ன நடை! என்ன பூரிப்பு! ஒரே ராத்திரியில் அவள் முதுகு எப்படி அகன்றுவிட்டது, பாருங்கள்! "விரதம் வேலை செய்யுது" என்று யோலான் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

ஆசான் நிற்கிற இடத்தில் புத்தம் புதிய கோதுமை வைக்கோலை மெத்தென்று பரப்பியிருந்தார்கள். எமொக்கே குதிரையை அதன் மேல் நிறுத்திவிட்டு, கயிற்றோடு இரண்டடி தள்ளி நின்றாள். ஆசான் படிவத்தை ஒரு தடவை பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்தார், தொப்பியைக் கழற்றினார். போர்வைக்கு மேலேயே கழுத்தில் கையை வைத்து, கண்ணை மூடினார்.

"சிக்ரா பேசுறா" என்றார்.

"நான் ஒரு தாய்ங்குறா. என் வயித்துல உதைச்ச அந்தக் குட்டிய நான் இன்னும் மறக்கலங்குறா. என் மடியில கட்டுன பாலைக் குடிக்க ஆளில்லாமப் போச்சேங்குறா..."

அப்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்டது. எமொக்கேதான். உதட்டைக் குவித்து, ஒரே சுரத்தில், நீளமாக ஊதினாள். எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டிய எவனுக்கும் தெரிந்த சங்கதி இது: கட்டாந்தரையில் குதிரை மூத்திரம் பெய்யாது, காலில் தெறிக்கும். வைக்கோலில் நிறுத்தி, பழக்கிய விசிலை அடித்தால் பெய்யும்.

குதிரை பின்னங்காலை அகட்டியது. போர்வை மேலே ஏறியது. போர்வைக்குக் கீழே, எந்தத் தாய்க்கும் இருக்கக் கூடாத ஒன்று, சாவகாசமாக வெளியே வந்தது. ஐந்நூறு ஜோடிக் கண்கள் அதைப் பார்த்தன. மூடியிருந்த ஒரே ஜோடிக் கண் ஆசானுடையது. பீறிட்டு அடிக்கிற சத்தம் மட்டும் அவர் காதில் விழுந்தது.

"கேளுங்க!" என்று கையை உயர்த்தினார். "எல்லாரும் கேளுங்க! அவ அழுற சத்தம்!"

லாங்கோஷ் கடை வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "தாய்க்கு அது எப்படிங்க வந்துது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். வேலி அதிரச் சிரிப்பு எழுந்தது. ஆசான் கண்ணைத் திறந்தார், கீழே பார்த்தார். மான்தோல் காலணி நனைந்திருந்தது.

எமொக்கே முக்காட்டை உருவினாள். பெத்யார்! சங்கத்தின் பழைய சாரட்டு வண்டிக் குதிரை. காயடித்துப் பதினைந்து வருஷமாகிறது. நெற்றியில் பொட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? நம் ஜனங்களை நீங்கள் குறைவாக எடை போடுகிறீர்கள். ஆசான் ஒரு நிமிஷம்கூடத் திணறவில்லை. "பெத்யாரும் சிக்ராவும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டடி" என்றார், அதே ஆஸ்பத்திரிக் குரலில். "அவளோட துக்கத்தை இவன் சுமந்துக்கிட்டு வந்து இறக்கி வெக்கிறான். இது ரொம்ப அபூர்வம்."

யோலான் அம்மாள் கை தட்டினார். பத்துப் பேர் சேர்ந்து தட்டினார்கள். கை தட்டியதோடு நிற்காமல் எழுந்து நின்று பேசியவன் யார் தெரியுமா? நான்! இந்தப் பெர்தலான்! "ஆமாங்க, நானே பாத்திருக்கேன்! ரெண்டும் ஒண்ணா நின்னு தண்ணி குடிக்கும்!" என்று கத்தினேன். என் குதிரைக்கும் வண்டிக் குதிரைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஐந்நூறு பேர் முன்னால் அழுதவன் நான். ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆண் குதிரைக்குத் தாய்ப்பால் கட்டியது என்று சாதிப்பது அந்த நேரத்தில் சுலபமாக இருந்தது.

எமொக்கே என்னோடு வாதாடவில்லை. சங்கத்து முதலாளி தெஜேவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். தெஜே கொட்டடிக்குப் போய் சிக்ராவைக் கூட்டி வந்தார். போர்வை இல்லை, முக்காடு இல்லை. வெயிலில் அவளைப் பெத்யாருக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. விலாவை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடது மூக்கிலிருந்து மஞ்சளாகக் கோடு காய்ந்திருந்தது. தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. ஆறு வாரமாகத் தினமும் பார்த்த குதிரையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டாக்டரே, இங்க வாங்க" என்றாள் எமொக்கே. "நான் நாக்கைப் பிடிச்சுக்கிறேன். நீங்க பாருங்க. நாப்பத்தொம்பது நாள் ஆகலன்னா கண்ணை மூடிக்குங்க. மூக்கு தொறந்திருந்தா போதும்."

போனேன். அவள் சிக்ராவின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, போன் விளக்கை அடித்தாள். அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. அது துக்கம் இல்லை. மண்ணாங்கட்டி ஆன்மாவும் இல்லை. தினமும் ஒன்பது மணிக்கு என் நாற்காலியில் வந்து உட்காருகிற நாற்றம். அழுகின பல்.

"மேல் தாடை, இடப்பக்கம், நாலாவது கடவாப் பல்லு" என்று என் வாய் தானாகச் சொன்னது. "பிளந்திருக்கு. வேர்ல சீழ் கட்டி சைனசுக்குள்ள இறங்கியிருக்கு. அதான் ஒரு பக்க மூக்கு. அதான் வீக்கம். ஐயோ, இது எப்பேர்ப்பட்ட வலி தெரியுமா? மனுஷனா இருந்தா ரெண்டே நாள்ல சுவத்துல முட்டிக்குவான்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. வேலிக்குள்ளே, அத்தனை பேர் முன்னால், அந்தக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினேன். இந்தத் தடவை பக்கத்தில் கைக்குட்டை நீட்ட யாரும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசான் பக்கம் திரும்பினேன். "ஆசானே, ஒரே ஒரு கேள்வி. ஆறு வாரமா இவ உங்ககிட்ட எவ்வளவோ பேசியிருக்கா. என் அப்பாவைப் பத்திச் சொன்னா. குட்டியப் பத்திச் சொன்னா. பல்லு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

"குதிரைகள்..." ஆசான் தொண்டையைச் செருமினார். "குதிரைகள் உடம்பைப் பத்திப் பேசுறதில்ல."

"அப்படீன்னா அது குதிரையே இல்லடா!" என்று தெஜே கத்தினார். "என் குதிரைங்க இருபத்திநாலு மணி நேரமும் வயித்தைப் பத்தித்தான் பேசுது!"

அப்புறம் சிரிப்பு அடங்கவே இல்லை. வங்கி மேலாளர் தன் படிவத்தைத் திருப்பித் தரச் சொன்னார். கண் டாக்டர் தான் வாங்கிய போர்வையைக் கொண்டுபோய் ஆசான் மேலேயே எறிந்தார். ஆசான் தொப்பியை மாட்டிக்கொண்டு, நனைந்த காலணியோடு சதக் சதக் என்று நடந்து தன் வண்டிக்குப் போனார். போன வேகத்தைப் பார்த்தால், யாரும் கயிற்றைச் சுழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

திங்கட்கிழமை மிருக வைத்தியர் வந்தார். அரை மயக்க ஊசி போட்டு, அவளை நிற்க வைத்தபடியே பல்லைப் பிடுங்கினார். ஒன்றரை மணி நேரம் சிக்ராவின் தலையை நான் தோளில் தாங்கிக்கொண்டு நின்றேன். வெளியே வந்த பல் என் நடுவிரல் நீளம், நுனி கறுத்து அழுகியிருந்தது. சைனசைக் கழுவிய தண்ணீர் வாளி வாளியாக மஞ்சளாக வந்தது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா கூப்பிட்டிருக்கவே வேணாம். யாருங்க வைத்தியரைக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது?" என்று அவர் கேட்டார். எமொக்கே என்னைப் பார்த்தாள். "ஒரு பல் டாக்டர்" என்றாள்.

நாலாவது நாள் ஊறவைத்த பீட்ரூட் சக்கையும் தவிடும் கலந்து தொட்டியில் வைத்தேன். சிக்ரா முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள். துப்பவில்லை. தொட்டி காலியாகிற வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நிமிர்ந்து என் சட்டையிலேயே வாயைத் துடைத்தாள். அது மன்னிப்பா, நன்றியா, என் அப்பாவைப் பற்றிய செய்தியா என்று நான் யோசிக்கவில்லை. வாயில் தவிடு ஒட்டியிருந்தது, துடைத்தாள்.

யோலான் அம்மாள் போன வாரம் கிளினிக்குக்கு வந்தார். ஆர்மின் இப்போது செகெட் பக்கத்தில் நாய்களின் பேச்சைக் கேட்கிறாராம். "குதிரை விஷயத்துல ஏதோ சறுக்கிட்டாரு. ஆனா நாய் விஷயத்துல ரொம்பக் கரெக்டா சொல்றாராம், டாக்டர். எங்க ஜிம்மிய ஒரு தடவை காட்டலாம்னு பாக்குறேன்" என்றார். உடனே அவர் வாயில் நான் கண்ணாடியை விட்டதால் அவரால் மேலே பேச முடியவில்லை. ரொம்ப நேரம் கண்ணாடியை எடுக்காமலே வைத்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு, "நாங்கள் என்ன உன்னைப்போல் மடையர்களா?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் ஒன்று. மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் நாலு விரற்கடை தூரம்தான் இருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு அதைக் கடக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் வலி எனக்கு இல்லை, அவளுக்கு. உங்கள் வீட்டில் யாருடைய வலியில் நீங்கள் விரதம் இருந்துகொண்டிருக்கிறீர்கள்? போய் வாயைத் திறந்து பாருங்கள்.